பெரிய லென்ஸ் இல்லாமல் வீட்டைச் சுற்றியுள்ள பறவை, பூச்சிகளைப் படமெடுக்க முடியுமா?

காட்டுக்குப் போக நேரமில்லை, கையில் ஒரு போனும் சின்ன ஜூம் கேமராவும்தான் இருக்கிறது, வீட்டைச் சுற்றி இருப்பதைப் பார்த்துப் படமெடுக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படங்களில் முக்கால்வாசி, வாசலிலிருந்து ஐம்பது அடிக்குள் எடுத்தவை. ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் கேமராவைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு செடி, ஒரு மரம், மொட்டைமாடியின் ஒரு மூலை, எதுவானாலும் சரி. தினமும் ஒரே நேரத்தில் போய் இருபது நிமிஷம் சும்மா உட்காருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் உள்ள காலை நேரம் நல்லது. முதல் சில நாள் எல்லாமே உங்களைக் கண்டதும் பறந்துவிடும். நாளாக நாளாக அணில் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். நாம் நெருங்கிப் போய் எடுக்கும் படத்துக்கும், அதுவாக நம் பக்கம் வரும்போது எடுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் அதன் கண்ணிலேயே தெரியும்.

அந்த நாட்களில் நீங்கள் தெரிந்துகொள்வது, யாருக்கு எந்த இடம் என்பதை. கரிச்சானைப் பாருங்கள். கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பி வந்து உட்காரும். மீன்கொத்தியும் அப்படித்தான். தும்பிகளில் பல இனங்கள் இன்னும் மோசம், ஒரே குச்சி நுனிக்குப் பத்து தடவை வரும். தும்பி கிளம்பியதும் அதன் பின்னால் ஓடாமல், அந்தக் குச்சி நுனியில் ஃபோகஸை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தால் போதும். பெரிய லென்ஸ் செய்கிற வேலையில் பாதியை இந்தப் பழக்கம் செய்துவிடும்.

அப்புறம், காது. ஒரு மதியம் அணில் ஒன்று நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மைனாக்களும் சேர்ந்துகொண்டன. மூன்றும் ஒரே கிளையைப் பார்த்துத்தான் கத்தின. அந்தக் கிளையை இலை இலையாகத் துழாவினேன். அடர்த்தியான நிழலில், சாம்பல் முதுகும் செங்கண்ணுமாக ஒரு வல்லூறு உட்கார்ந்திருந்தது. பல மாதமாக அந்த மரத்தின் கீழே நடந்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கதிர்க்குருவிகள் உண்மையில் மூன்று வேறு இனங்கள் என்று குரலை வைத்தே பிரித்துச் சொன்னார். தன் ஊரைவிட்டு அதிகம் போகாத மனிதர். இப்போது மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டு இனத்தைச் சொல்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது சொன்ன பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்தபிறகே நம்புங்கள்.

பறவையோடு நின்றுவிடாதீர்கள். வீட்டுப் பக்கத்தில் உண்மையான செல்வம் பூச்சிகளிடம்தான் இருக்கிறது. ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில், புறநகர் வீடு ஒன்றின் சாதாரணத் தோட்டத்தை 1972 முதல் 30 ஆண்டுகள் கவனித்தார். அவர் பதிவு செய்தது 2,673 இனங்கள். அவற்றில் 1,997 பூச்சியினங்கள். இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து என் வீட்டுச் செம்பருத்திச் செடியை நான் பழையபடி பார்த்ததே இல்லை. இலையைத் திருப்பினால் ஒரு ஊர் இருக்கிறது.

போன் மட்டும் உள்ளவர்களுக்குப் பூச்சிதான் சரியான ஆரம்பம். குளிர்ந்த அதிகாலையில் தும்பிக்கும் பட்டாம்பூச்சிக்கும் உடம்பு சூடேறாமல் பறக்க முடியாது. இறக்கையில் பனித்துளியோடு அப்படியே உட்கார்ந்திருக்கும், போனை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோகலாம். வெயில் வந்ததும் பட்டாம்பூச்சி இறக்கையை விரித்துக் காயவைக்கும், அந்த இரண்டு நிமிஷத்தில் மேல்பக்க நிறம் முழுசாகக் கிடைக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது குதிக்கும் சிலந்தி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. எட்டுக் கண்கள், முன்னால் இரண்டு மட்டும் பெரிதாக, கார் விளக்கு மாதிரி. வலை பின்னிக் காத்திருக்காது, பூனை மாதிரி பதுங்கிப் பாய்ந்து பிடிக்கும். போனை இடப்பக்கம் நகர்த்தினால் உடம்பையே திருப்பிக்கொண்டு போனைப் பார்க்கும். வலப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கம் திரும்பும். நீங்கள் அதைப் பார்க்கிற மாதிரியே அதுவும் உங்களைப் பார்க்கிறது. முதல் தடவை அது திரும்பியபோது படமெடுக்கவே மறந்துவிட்டேன்.

கேமரா விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணில் ஃபோகஸ் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. அதன் கண் மட்டத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும், தரையில் மேய்கிற பறவை என்றால் தரையில் படுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் சிறு பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறக்கும் பறவைக்கு 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளிபுள்ளியாக இருக்கும் படத்தைச் சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

பறவைகளை வரவழைக்க ஆசைப்பட்டால் தண்ணீர் வையுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவியும் தைரியமாக இறங்கும். தண்ணீரைத் தினமும் மாற்றி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கொசுதான் வளரும். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடுவதை மட்டும் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று அந்தப் பறவை பதறும், தீனி தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடி வீணாக்கும்.

கூடு பற்றி நான் கட்டாயம் சொல்ல வேண்டும். தொடங்கிய வருஷம் எங்கள் வேலிச்செடியில் ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. இலையின் இரண்டு ஓரங்களிலும் அலகால் ஓட்டை போட்டு, சிலந்தி நூலையும் செடி நாரையும் கோத்து இழுத்துச் சேர்த்திருந்தது. வெளிப்பக்கம் நார் பிசிறிக்கொண்டு சின்னச் சின்ன முடிச்சு மாதிரி நின்றது. உள்ளே பஞ்சு மெத்தை, மூன்று குஞ்சுகள். அதை மறைத்துக்கொண்டிருந்த ஒரு கிளையை நூலால் இழுத்துக் கட்டிவிட்டுப் படமெடுத்தேன். சாயங்காலம் நூலை அவிழ்க்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் காகம் வேலியில் உட்கார்ந்திருந்தது, இலை கிழிந்து தொங்கியது. தாய்ப்பறவை அலகில் புழுவோடு கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டே இருந்தது. அந்தப் படங்களை அன்றே அழித்துவிட்டேன்.

அதனால் கூட்டில் எதையும் விலக்காதீர்கள், ஒடிக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். கூடு இருப்பது தெரிந்துவிட்டால் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொள்ளுங்கள். பறவை அலகில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்று கத்தினால், நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நிமிஷமே திரும்பி வந்துவிட வேண்டும்.

பார்த்ததை எழுதிவையுங்கள். நோட்டுப் புத்தகமே போதும். பறவைகளுக்கு 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளமும், எல்லா உயிரினங்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளமும் இருக்கின்றன. இனம் தெரியாத பூச்சியின் படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். படம் சுமாராக இருந்தாலும் அங்கே மதிப்பு உண்டு, ஏனென்றால் எங்கே, எந்தத் தேதியில் என்ற விவரம்தான் ஆராய்ச்சிக்கு வேண்டும். கூடு உள்ள இடத்தை மட்டும் எங்கேயும் போடாதீர்கள்.

மறு வருஷம் அதே வேலிக்கு ஒரு தையல்சிட்டு வந்தது. பழைய பறவையா, வேறா, எனக்குத் தெரியாது. வேலிப் பக்கமே போகாமல், திறந்த ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு ஒன்பது நாள் உட்கார்ந்தேன். ஆறாவது நாள் அது ஜன்னலுக்கு எதிரே இருந்த குச்சிக்கு வந்தது. துரு நிற உச்சந்தலை, நிமிர்ந்த வால், அலகில் ஒரு இழை சிலந்தி நூல். நூல் காற்றில் வளைந்து அதன் மார்பில் ஒட்டியிருந்தது. ஷட்டர் 1/800, ஒரே ஒரு படம். என் மேசைக்கு மேலே மாட்டியிருப்பது அதுதான்.