நீர் மூலக்கூறைக் காட்ட ஒன்றேகால் லட்சமா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் வேதியியல் எடுக்கிறேன். மூலக்கூறு வடிவங்கள் பிள்ளைகளுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு ஏஜெண்ட் 'விர்ச்சுவல் லேப்' மென்பொருளை ஒன்றேகால் லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் டீச்சர். மூலக்கூறுகளைத் திரையில் கட்டிப் பார்க்க அவகாட்ரோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, காசு கிடையாது, ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அதில் ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜனைத் தாறுமாறாக இணைத்து வைத்து, வடிவத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஆப்டிமைஸைத் தட்டினால், அதுவே மடங்கி இரண்டு பிணைப்புக்கும் இடையிலான கோணம் 104 டிகிரி பக்கம் போய் நிற்கும். 104.5 என்று மனப்பாடம் செய்த பையன் அப்போதுதான் "ஏன் மிஸ்?" என்பான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு ரூபாய் நாணயமும் இங்க் ஃபில்லரும் கொடுங்கள். அதன் மேல் எத்தனை சொட்டுத் தண்ணீர் நிற்கும் என்று எழுதிவைக்கச் சொன்னால் ஐந்து, ஆறு என்பார்கள். இருபதைத் தாண்டியும் உப்பிக்கொண்டு நிற்கும். சோப்புத் தண்ணீர் என்றால் சீக்கிரமே வழிந்துவிடும். தண்ணீர் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்ற கேள்வியோடு திரைக்குப் போனால்தான் அந்த வளைவுக்கு அர்த்தம் வரும். மடங்கியிருப்பதால்தான் ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், மறுபக்கம் கொஞ்சம் மைனஸாகித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. கார்பன் டைஆக்சைடு மாதிரி நேராக இருந்திருந்தால் இரண்டு பக்க மின் இழுப்பும் சரிக்குச் சரியாகிப் போயிருக்கும்.

ஒன்றில் மட்டும் உஷார். அவகாட்ரோவில் ஹைட்ரஜனைப் பிடித்து எவ்வளவு தூரம் இழுத்துவிட்டாலும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஸ்பிரிங் கணக்குதான், பிணைப்பு அறுவது அதற்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டால் பிணைப்பு உடையவே உடையாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், அப்புறம் வேதிவினைப் பாடத்தில் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வினைக்கு வேண்டாம்.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பள்ளியில் இப்படி வாங்கியதைத் திறந்து காட்டினார்கள். முகப்பில் கம்பெனி லோகோ, உதவி மெனுவைத் தட்டினால் உள்ளே அதே அவகாட்ரோ! அதன் உரிமப்படி விற்பது குற்றமும் இல்லை, அதனால் விற்றார்கள் என்பதற்காக மட்டும் புகார் கொடுக்க வழியில்லை. போதாததற்கு வருடா வருடம் 'ரினியூவல்' வேறு. உங்கள் ஏஜெண்டிடம் டெமோவை அவர் லேப்டாப்பில் வேண்டாம், பள்ளிக் கம்ப்யூட்டரில் போடச் சொல்லுங்கள், பாதி பேர் அன்றோடு வரமாட்டார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு என்று தனி மார்க், அதற்கு ரெக்கார்டைப் பார்த்து எழுதி, சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டிய உப்பு எதுவென்று காதோடு கேட்டுத் தெரிந்துகொண்டு முடித்துவிடுகிறோம். இந்த லட்சணத்தில் விர்ச்சுவல் லேப்! நிர்வாகம் அந்தப் பணத்தைச் செலவழித்தே தீருவேன் என்றால் திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்களான பியூரெட்டும் பிப்பெட்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள். இருப்பதில் பாதி மூக்குடைந்துதான் கிடக்கும்.