கீழ்வீட்டுக்காரர் மண்ணை வெட்டினார், எங்கள் தடுப்புச்சுவர் வயிறு தள்ளுகிறது: யார் கட்டித் தர வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சரிவான இடத்தில் எங்கள் வீடு. 1998-இல் கட்டிய வீட்டை, எட்டு சென்ட் மனையோடு 2012-இல் வாங்கினோம். மாடி எதுவும் எடுக்கவில்லை. கீழ் எல்லையில் 10 அடி உயரம், 40 அடி நீளத்துக்குக் கருங்கல் தடுப்புச்சுவர் இருக்கிறது. அதுவும் வீட்டோடு கட்டியதுதான். இந்த ஆண்டு ஜனவரியில் கீழ்வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஜேசிபி வைத்து, சுவரின் அடிவாரத்தை ஐந்தடி ஆழத்துக்கு வெட்டிவிட்டார். அக்டோபர் மழையில் சுவர் நடுவில் பிதுங்கிவிட்டது. சமையலறைத் தரையிலும் விரிசல். கேட்டால் “சுவர் உங்களுடையது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார். நாங்கள் வாங்கி 20 வருடம் ஆகாததால் எங்களுக்கு உரிமையே இல்லை என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். உண்மையா? (வாசகி, நீலகிரி மாவட்டம்)

பதில்: சட்டத்துக்கு முன்னால் ஒரு விஷயம். சமையலறை விரிசலுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் அறையில் இனி யாரும் படுக்க வேண்டாம். விரிசல் மேல் தார்ப்பாய் போட்டு மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் பாருங்கள். அவசரப்பட்டு கொத்தனாரை அழைத்துச் சுவரின் அடியில் தோண்டவும் விடாதீர்கள். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேலில் தடுப்புச்சுவர் வேலைக்காகத் தோண்டியபோது மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அடிமண்ணை இழந்த சரிவு அப்படித்தான், சொல்லிக்கொண்டு விழாது.

இப்போது உங்கள் கேள்வி. உங்களுக்கு உரிமை இல்லை என்று சொன்னவர் பாதிச் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் எல்லோரும் ஈஸ்மென்ட் ஆக்ட் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவு, இயற்கையான நிலையில் உள்ள ஒரு நிலத்துக்குப் பக்கத்து நிலத்து மண் இயல்பாகத் தரும் தாங்கலை அந்த நிலத்தோடு பிறந்த உரிமையாகவே சொல்கிறது. இதற்கு 20 வருடம் வேண்டாம், ஒரு நாள் கூட வேண்டாம். நேற்று வாங்கியவருக்கும் உண்டு. கீழே இருப்பவர் தன் நிலத்தை வெட்டலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் மேலே உள்ள மண் சரியாதபடி வேறு தாங்கல் கொடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அவர் முதலில் சுவர் கட்டிவிட்டு அப்புறம் வெட்டியிருந்தால் உங்களுக்கு வழக்கே கிடையாது.

சிக்கல் ‘இயற்கையான நிலை’ என்ற சொல்லில் இருக்கிறது. நீலகிரியில் பெரும்பாலான மனைகள் பாதி வெட்டி, பாதி நிரப்பி சமன் செய்தவை. உங்கள் சுவருக்குப் பின்னால் இருப்பது மலை மண்ணா, 1998-இல் கொட்டி நிரப்பிய மண்ணா? நிரப்பிய மண்ணுக்கும் அதன் மேல் நிற்கும் வீட்டின் பாரத்துக்கும் 7-வது பிரிவு நேரடியாகக் கை கொடுக்காது. அங்கேதான் 15-வது பிரிவும் அந்த 20 வருடமும் வருகின்றன. பாரம் ஏற்றிய நிலத்துக்கோ கட்டடத்துக்கோ பக்கத்து நிலத்தின் தாங்கலை 20 வருடம் சண்டையில்லாமல், இடைவிடாமல் அனுபவித்திருந்தால் அந்த உரிமை முழுமையாகிவிடும். நல்ல செய்தி என்னவென்றால், இந்த உரிமை நிலத்தோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. 1998 முதல் 2012 வரை முந்தைய உரிமையாளர் அனுபவித்த வருடங்களும் உங்கள் கணக்கில் சேரும். நீங்கள் 20 வருடத்தை எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் வீடு 1998-இல் கட்டியது என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு பெற்ற தேதி, தாய்ப்பத்திரத்தில் கட்டடம் பற்றிய வரி, இப்படி எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். இரண்டு மனையும் ஒரு காலத்தில் ஒரே உரிமையாளரிடம் இருந்து பிரிந்தவையா என்றும் தாய்ப்பத்திரத்தில் பாருங்கள். அப்படியானால் 13-வது பிரிவு வழியாக இன்னொரு வாதமும் கிடைக்கும். விற்ற அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும்படி சுவர் நின்றிருந்தால், அந்த ஏற்பாட்டை ஏற்றுத்தான் விற்பனை நடந்தது என்று சொல்லலாம்.

இங்கே இரண்டு கெடுக்கள் இருக்கின்றன. இவற்றைத் தவற விட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். 15-வது பிரிவின்படி, அந்த 20 வருடம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். தடை ஏற்பட்டது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தால் அனுபவம் அறுந்துவிட்டது என்றும் எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். கீழ்வீட்டுக்காரர் ஜனவரியில் வெட்டியிருக்கிறார். நீங்கள் வாய்ச்சண்டை மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள்.

நஷ்டஈட்டுக்கான கணக்கு வேறு. தாங்கலை எடுத்த நாளில் அல்ல, உண்மையான சேதம் வந்த பிறகுதான் அந்த உரிமை பிறக்கிறது (பிரிவு 34). அக்டோபரில் விரிசல் வந்ததிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு உண்டு. அந்த மூன்று ஆண்டை நம்பி முந்தைய கெடுக்களைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

“சுவர் உங்களுடையது” என்று அவர் சொல்வதில் ஒரு பகுதி சரி. 27-வது பிரிவின்படி, உங்கள் வசதிக்காக அவர் எதையும் கட்டித் தர வேண்டியதில்லை. சுவர் வயதாகித் தானாகச் சாய்ந்தால் செலவு உங்களுடையது. அவர் பொறுப்பு, தாங்கலைப் பறித்ததற்கு மட்டும். ஆகவே முழு வழக்கும் ஒரே கேள்வியில் நிற்கும்: சுவர் பிதுங்கியது வெட்டினாலா, தண்ணீராலா?

நீங்கள் அனுப்பிய படங்களில் அதைத்தான் பார்த்தேன். 40 அடி சுவரில் நான்கே நான்கு வடிகுழாய்கள். அதில் ஒன்றில் செடி முளைத்திருக்கிறது, இன்னொன்றை யாரோ சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். வாஷிங் மெஷின் குழாய் சுவரின் பின்பக்க மண்ணிலேயே முடிகிறது. எதிர்த்தரப்பு முதலில் காட்டப்போகும் படம் இதுதான். சுவருக்குப் பின்னால் 10 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் தண்ணீர் மட்டுமே சுமார் நாலரை டன் விசையில் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல் தனி. நன்றாக வடியும் சுவர் தாங்க வேண்டிய சுமையைப் போல இது இரண்டு மடங்கு. எனவே வாஷிங் மெஷின் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் இன்றைக்கே குழாய் போட்டுப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கீழ்வீட்டு மனைக்குள் விட வேண்டாம். இயல்பாக வழியும் மழைநீரை அவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும், குழாய் வைத்துக் கொட்டும் தண்ணீரை அல்ல.

அடைத்த வடிகுழாயை மட்டும் இப்போது தொட வேண்டாம். சுவரையும் தொட வேண்டாம். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் கோர்ட் கமிஷனர் வருவதற்குள் பயத்தில் சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டிவிட்டார். காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நஷ்டஈடும் கிடைக்கவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கீழ்வீட்டுக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ். அதோடு குன்னூர் கோட்டாட்சியரிடம் ஒரு மனு. இடிந்து விழுந்து ஆளுக்கு ஆபத்து வரும் நிலையில் உள்ள கட்டுமானத்தைத் தாங்கவோ சரிசெய்யவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவில் அவருக்கு அதிகாரம் உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-தான் இது. உத்தரவு உங்கள் மீதும் வரலாம், ஆனால் உயிர் தப்பும். நீலகிரியில் ஜேசிபி ஓட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கீழ்வீட்டுக்காரர் வாங்கியிருந்தாரா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பிறகு உரிமையியல் நீதிமன்றம். மேற்கொண்டு வெட்டத் தடை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26 விதி 9-இன் கீழ் பொறியாளரோடும் சர்வேயரோடும் கமிஷனர், இந்த இரண்டையும் வழக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும். எல்லை எங்கே என்று சர்வேயர் அளந்தாக வேண்டும், சுவரின் அஸ்திவாரம் அவர் மண்ணில் ஓரடி நீட்டியிருந்தாலும் கதை மாறும். முக்கியமான கோரிக்கையை இப்படி எழுதச் சொல்லுங்கள்: கட்டமைப்புப் பொறியாளர் வரைபடப்படி, மலைப்பகுதித் தடுப்புச்சுவர்களுக்கான ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர வழிகாட்டுதலைப் பின்பற்றி, இத்தனை நாளில் அவர் கட்ட வேண்டும். தவறினால் நாங்கள் கட்டி, செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். வெறுமனே “சுவர் கட்டித் தர வேண்டும்” என்று தீர்ப்பு வாங்கினால், ஹாலோ பிளாக்கில் ஒரு வரிசை அடுக்கிவிட்டு முடிந்தது என்பார்.

சமரசத்துக்கு அவர் வந்தால் தயங்காதீர்கள், பாதிச் செலவை ஏற்றாலும் நஷ்டமில்லை. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முன்பே பேசலாம். பெண் என்பதால் உங்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். ஆனால் புதுச் சுவரின் அஸ்திவாரம் அவர் மனைக்குள் நீட்ட வேண்டியிருந்தால், அந்தச் சம்மதத்தைப் பதிவு செய்த பத்திரமாக வாங்குங்கள். கட்டும்போது சுவருக்குப் பின்னால் ஜல்லி வடிகட்டி அடுக்கு இருக்கிறதா, வடிகுழாய் ஐந்தடிக்கு ஒன்றாக மேலும் கீழும் மாற்றி வைக்கிறார்களா என்று நீங்களே நின்று பாருங்கள். மண் மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

ஜனவரிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. வக்கீல் கிடைக்கும்வரை காத்திருக்காமல், வெட்டிய தேதியையும் உங்கள் ஆட்சேபத்தையும் நான்கு வரியில் எழுதி, இந்த வாரமே ஒப்புகையோடு பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.