காட்டுத் தீ அபாயம் உள்ள மலைகளுக்கு டிரெக்கிங் போகும்போது லைட்டர், தீப்பெட்டி எடுத்துப் போகலாமா?

வழி தவறிவிட்டால் உதவுமே, ஒரு லைட்டராவது பையில் கிடக்கட்டும் என்பது உங்கள் கேள்வி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு, அதுவும் பிப்ரவரியிலிருந்து மே வரைக்குள் போவதாக இருந்தால், வேண்டாம். இமயமலைப் பனியில் நடக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

2003 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பக்கம் வேட்டைக்குப் போன ஒருவர் காட்டில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு, யார் கண்ணிலாவது படட்டும் என்று நெருப்பு மூட்டினார். பட்டது. ஹெலிகாப்டரில் வந்து அவரைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார்கள், ஆனால் அந்த நெருப்பு நிற்கவில்லை. 2.7 லட்சம் ஏக்கர், 2,200 வீடுகளுக்கு மேல், 15 உயிர்கள். நீங்கள் சொல்லும் அதே காரணத்துக்காகத்தான் அவரும் மூட்டினார்.

நம் ஊரில், தேனி மாவட்டக் குரங்கணி மலையில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டது 2018 மார்ச் 11. அந்தத் தீ யாரால் வந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சரிவில் கீழே எரிகிற தீ, மேலே நிற்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே சூட்டில் முறுக வைத்துவிடும், அதனால் அது மேலேறும் வேகத்துக்கு நாம் ஓட முடியாது. 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள்.

ஒரு மார்ச் மாத இரவில் வெள்ளியங்கிரி ஏறினேன். ஆண்டி சுனையில் குளித்துவிட்டுப் பல் கிட்டிக்க நின்ற நான்கு பையன்கள், காய்ந்த புல்லைக் குவித்து லைட்டரைத் தட்டினார்கள். காற்றில் இரண்டு முறை அணைந்தது, மூன்றாவது முறை பிடித்ததும் ஒரு கங்கு பறந்து பாதையோரப் புல்லில் விழுந்தது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் கையிலிருந்த மூங்கில் தடியால் அதை அடித்து அணைத்துவிட்டு, "குளிருதுன்னா துண்டைப் போத்துங்க தம்பி, மலையையா கொளுத்துவீங்க?" என்றார். பையன்கள் வாயே திறக்கவில்லை.

சரி, லைட்டருக்குப் பதில் என்ன? விசில், கூடுதல் பேட்டரியோடு தலையில் மாட்டும் ஹெட்லைட், பகலில் வெயிலைத் திருப்பிக் காட்ட ஒரு சின்னக் கண்ணாடி, குளிருக்கு மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற ஃபாயில் போர்வை, எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ கூட வராது. அப்புறம், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம், அதைப் பலர் மறந்தே போகிறார்கள். கற்பூரம் ஏற்றத்தான் தீப்பெட்டி என்றால், மேலே கோயில் பூசாரியிடம் கேளுங்கள்.