ரைட் சகோதரர்களுக்கு முன்பே பெர்சி பில்ச்சர் எஞ்சின் விமானத்தில் பறந்திருக்க முடியுமா?

முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கோவைப் பட்டறைகளில் எஞ்சின் வேலை பழகியவர்களுக்கு அவர் பறக்காமல் போன காரணம் சட்டென விளங்கும். அவரைத் தடுத்தது உடைந்துபோன ஒரு கிராங்க் ஷாஃப்ட்தான்; எஞ்சினில் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு அது.

1867இல் இங்கிலாந்தில் பிறந்த பில்ச்சர், ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தாலை நேரில் கண்டு கற்று, மூங்கிலும் துணியும் கொண்டு கட்டிய 'ஹாக்' என்ற கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) 1897இல் ஏறத்தாழ 230 மீட்டர் தூரம் மிதந்து சென்றார். அடுத்து, சுமார் 4 குதிரைத்திறன் எஞ்சினும் மூன்றடுக்கு இறக்கையும் கொண்ட விமானத்தை உருவாக்கினார். 1899 செப்டம்பர் 30 அன்று அதைப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டியிருந்தது; ஆனால் அதற்குச் சில நாள் முன்பே எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. வந்தவர்களை வெறுமனே திருப்பியனுப்ப மனமில்லாமல், மழையில் நனைந்து துணியெல்லாம் கனத்திருந்த ஹாக்கிலேயே அவர் ஏறினார். நடுவானில் வால்பகுதி முறிந்தது. இரண்டு நாள் கழித்து, 32 வயதில் இறந்தார்.

2003இல் அவருடைய வடிவமைப்பை நவீனக் கணக்கீடுகளின் துணையோடு மீட்டுருவாக்கியபோது, அந்த விமானம் ஒரு நிமிடத்துக்கும் மேல் பறந்தது. 1903இல் ரைட் சகோதரர்களின் முதல் நாள் பறத்தல்களில் மிக நீண்டது 59 விநாடி.