கயிறு பிடிப்பவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையிலிருந்து ஒரு குடும்பத்தை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பி 16 மாதம் ஆகிறது. கணவன், மனைவி, 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நான் மிஷனரி கமிட்டியின் செயலாளர் என்பதால் அவர்களுடைய ஜெபக் கடிதம் எனக்குத்தான் வரும். முதலில் நாலு பக்கம் வந்தது, இப்போது அரைப் பக்கம். “மொழி படிக்கிறோம், ஜெபியுங்கள்” என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. “இத்தனை மாதத்தில் ஒரு ஆத்துமாகூட இல்லையா, பணம் அனுப்புகிறோமே” என்று கமிட்டியில் சிலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் அந்தச் சகோதரி எனக்குத் தனியாக ஒரே வரி அனுப்பியிருந்தாள்: “அக்கா, என்னால் ஜெபிக்கவே முடியவில்லை.” நாலைந்து வசனங்களை அனுப்பினேன். பதில் இல்லை. திரும்ப அழைத்துவிடலாமா? உற்சாகப்படுத்தினால் சரியாகிவிடுமா? என்ன எழுதுவது? ஒரு பார்சல் அனுப்பவும் நினைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு காரியம். அந்த ஒரு வரியைக் கமிட்டியில் வாசிக்காதீர்கள். ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். மிஷனரி ஒருவர் தன் வறட்சியை வாய்விட்டுச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் கிடைப்பார், பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. அந்த வரி ஜெபக் குறிப்பாக 200 பேருக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், அடுத்த வரி உங்களுக்கு வராது.

வசனத்துக்குப் பதில் வராதது பற்றி வருந்த வேண்டாம். அவளுக்குத் தெரியாத வசனம் எதையும் நீங்கள் அனுப்பியிருக்க முடியாது. சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டிய எலியாவுக்கு (1 இராஜாக்கள் 19) முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும், மறுபடியும் தூக்கமும் சாப்பாடும்தான். பேச்சு அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான் வருகிறது.

இனி அந்தப் 16 மாதக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் ஒருவர் சீனம், அரபி, ஜப்பானியம் போன்ற மொழிகளில் வேலை செய்யும் அளவுக்குத் தேற 88 வாரம், அதாவது 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதுவும் வேறு வேலையில்லாமல், சம்பளத்தோடு முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு. வாரத்துக்கு 10 மணி நேரம் படிக்கும் மிஷனரிக்கு அதே 2200 மணி 220 வாரம், நாலு வருடத்துக்கு மேல். 3 வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிகிற தாய்க்கு 550 வாரம், பத்தரை வருடம். அவர்கள் போயிருக்கும் இடத்து மொழி இதைவிட எளிதாக இருக்கலாம். அப்போதும் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் விழும் இடைவெளி இதே விகிதத்தில்தான் விழும். அவர் மெல்ல வெளியே போய்ப் பேசிப் பழகுவார், ஆட்கள் கிடைப்பார்கள். அவள் வீட்டுக்குள் பிள்ளைகளோடு இருப்பாள். கடைக்குப் போனால் மூன்று வயதுப் பிள்ளை அளவுக்குக்கூடப் பேச வராது. ஊரில் ஞாயிறு பள்ளி நடத்தியவள், பெண்கள் கூட்டத்தில் பேசியவள், அங்கே ஊமை. அவளுடைய வரியில் நான் அதைத்தான் முதலில் பார்க்கிறேன், விசுவாசக் குறைவை அல்ல.

இதற்குக் கமிட்டி செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, பணத்தால் செய்யக்கூடியது. வாரத்தில் ஐந்து நாள் காலை இரண்டு மணி நேரம் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்கும், அந்த நேரத்தில் அவளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியைக்கும் ஆகும் செலவைக் கேட்டு வாங்கித் தனித் தலைப்பில் அனுப்புங்கள். மாதந்தோறும் அனுப்பும் பொதுத் தாங்குதலோடு சேர்த்தால் அது வாடகையில் கரைந்துவிடும். சபைகள் வாகனத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் மகிழ்ச்சியாகக் கொடுக்கும், பிள்ளை பார்க்கும் ஆளுக்கு முகம் சுளிக்கும். ஆனால் இந்தக் குடும்பம் அடுத்த வருடமும் அங்கே இருக்குமா என்பதை இந்த இரண்டு மணி நேரம் தீர்மானிக்கக்கூடும்.

அடுத்து, “ஒரு ஆத்துமாகூட இல்லையா”, அதாவது இன்னும் ஒருவர்கூட விசுவாசத்துக்கு வரவில்லையா என்ற கேள்வி. வில்லியம் கேரி இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்தது 1793 நவம்பரில். அங்கே முதல் விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28 அன்று. ஏழு வருடம். ராபர்ட் மாரிசன் 1807இல் சீனாவின் கான்டனுக்குப் போய் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1814இல். பர்மாவில் அதோனிராம் ஜட்சன் 1813இல் இறங்கி 1819இல் மவுங் நாவுக்குக் கொடுத்தார். கமிட்டியில் இதைச் சொல்லலாம், கேட்பவர்கள் வாயடைக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தில் சொல்லிவிடாதீர்கள். சோர்ந்திருப்பவரிடம் “கேரி ஏழு வருடம் பொறுத்தாரே” என்பது சாட்டையாகத்தான் போய் விழும். அதோடு அந்த ஏழு வருடத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1794இல் கேரியின் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரத்தி மனநிலை பாதிக்கப்பட்டு, 1807இல் இறக்கும்வரை மீளவில்லை. ஊழிய வரலாறுகள் இந்தப் பகுதியை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன.

அதே வரலாற்றில் உங்களைப் போன்றவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. நான் சுரங்கத்தில் இறங்குகிறேன், நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேரி கேட்டதாக ஆண்ட்ரூ ஃபுல்லர் பதிவு செய்திருக்கிறார். 1792 முதல் 1815இல் இறக்கும்வரை ஃபுல்லர் கேரியை அனுப்பிய மிஷனரி சங்கத்தின் செயலாளர். 1812 மார்ச்சில் கேரியின் செராம்பூர் அச்சகம் எரிந்து எழுத்துருக்களும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலானபோது, செய்தி இங்கிலாந்தை எட்டிய இரண்டு மாத அளவில் இழப்புக்கு ஈடான பணம் திரட்டப்பட்டது. ஃபுல்லருக்குப் பின் வந்த கமிட்டி, சொத்து யாருடையது, அதிகாரம் யாருக்கு என்று செராம்பூரோடு தொடங்கிய சச்சரவு 1827இல் பிரிவில் முடிந்தது. தரங்கம்பாடியில் நிலைமை இன்னும் கொடுமை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் அந்த மிஷனின் செயலாளராக இருந்த வெண்ட், மிஷனரிகள் அப்போஸ்தலரைப் போல ஒன்றுமில்லாமல் வாழவேண்டும் என்ற கொள்கைக்காரர். கட்டடங்களுக்கும் செலவுகளுக்கும் தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குவைக் கடிதத்தில் கண்டித்தார். ஏற்கெனவே உடல் நொந்திருந்தவர் 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற க்ருண்ட்லரும் அடுத்த ஆண்டே போய்விட்டார். கடிதம் கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கடைசி நாட்களில் கையில் இருந்தது அந்த மாதிரிக் கடிதம்.

சரி, நீங்கள் என்ன எழுதுவது? இன்றைக்கே, இந்த அளவுக்கு:

“தங்கச்சி, உன் செய்தியை நான் யாருக்கும் காட்டவில்லை. உன்னால் ஜெபிக்க முடியாத நாட்களில் உன் பங்கையும் நான் ஜெபிக்கிறேன், நீ எதையும் விளக்க வேண்டாம். ராத்திரி தூக்கம் வருகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வியாழக்கிழமை பிள்ளைகள் தூங்கிய பிறகு கூப்பிடட்டுமா? பேசத் தோன்றாவிட்டால் போனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டு இருப்போம்.”

வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை கூப்பிட வேண்டும். அவர்கள் ஊர் நேரத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் பேசுவதைவிட வாரம் 20 நிமிடம் பேசுவது நல்லது. எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று கேட்காதீர்கள். இந்த வாரம் யாரோடு சிரித்தாய் என்று கேளுங்கள். ஒருவருமில்லை என்று மூன்று வாரம் தொடர்ந்து பதில் வந்தால் அதுவே ஒரு தகவல். பெரிய பிள்ளைக்குத் தனியாக, அவன் பெயரிட்டு எழுதுங்கள். அப்பா அம்மாவுக்கு வரும் கடிதத்தின் கடைசி வரியில் ‘பிள்ளைகளுக்கு முத்தங்கள்’ என்பது பிள்ளைக்குக் கடிதம் ஆகாது.

ஜெபக் கடிதம் சுருங்கியதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். மிஷனரி வேலையை அனுமதிக்காத நாடு என்றால் அவர்கள் எதையுமே எழுத முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு நீங்கள் எழுதும்போதும் மிஷனரி, ஞானஸ்நானம், ஊழியம், சபையின் பெயர் எதுவும் வரக்கூடாது. உள்ளூர் விசுவாசிகளின் முகம் தெரியும் படத்தைப் பகிரக்கூடாது. செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், அதை நீக்காமல் வெளியிடக்கூடாது. அவர்கள் பெயரையும் நாட்டையும் சேர்த்துச் சபைப் பத்திரிகையில் போட்டிருந்தால் நாளைக்கே எடுத்துவிடுங்கள்.

திரும்ப அழைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைச் சோர்வு, நோய் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, அழுகை இவை நாள் முழுக்க, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே கணவனுக்கும் அனுப்பிய ஸ்தாபனத்துக்கும் சொல்லி, அவளைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ரகசியம் காப்பதாகக் கொடுத்த வாக்கு இந்த ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது, அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்றும் கேளுங்கள். மலேரியா உள்ள இடமா, தடுப்புக்கு என்ன மாத்திரை? வாரம் ஒன்று போடும் மெஃப்ளோகுயின் சிலருக்குப் பதற்றம், கெட்ட கனவு, மனச்சோர்வு கொண்டுவரும். அமெரிக்க மருந்துத் துறை 2013இல் அதற்குக் கடுமையான எச்சரிக்கை வாசகமே சேர்த்தது. மாற்று மாத்திரை உண்டு, மருத்துவரைக் கேட்டு மாற்றலாம், தானாக நிறுத்தக்கூடாது. இரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆவிக்குரிய போராட்டம் என்று மாதக்கணக்கில் ஜெபித்தது ஒரு இரத்தப் பரிசோதனையில் தெளிவது அபூர்வமல்ல.

ஜட்சனின் மனைவி ஆன் 1826இல் இறந்தார், ஆறு மாதத்தில் குழந்தையும். அதன் பிறகு அவர் காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியாக இருந்தார், தன் குழியைத் தோண்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தேவனை நம்புகிறேன் ஆனால் காண முடியவில்லை என்று எழுதினார். அதே மனிதர் 1834இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். எனவே அவளுடைய வரி அவர்களுடைய ஊழியத்தின் முடிவு என்று எண்ண வேண்டியதில்லை. இப்போதைக்கு அழைக்காதீர்கள். ஊழியப் பொறுப்பில்லாத இரண்டு வார ஓய்வுக்கு, இருக்கும் ஊரைவிட்டு வேறு இடத்துக்கு, செலவை ஏற்று அனுப்புங்கள். மருத்துவர் சொன்னால் அழையுங்கள், தாமதிக்காமல். அந்த நிலை வந்தால் விமானக் கட்டணம் தேடி அலையக்கூடாது. நாலு பேருக்கும் திரும்பும் டிக்கெட்டும் மூன்று மாதச் செலவும் எப்போதும் வங்கியில் தனியாக இருக்கட்டும். மாதத் தாங்குதலை அவர்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். நாணய மதிப்பு சரிந்து, இடையில் உள்ள வங்கிகளும் கட்டணம் பிடித்தால், நீங்கள் குறைக்காமலே அவர்கள் சம்பளம் குறைந்திருக்கும். இதை வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

திரும்பி வந்தால் முதல் மாதம் பிரசங்க மேடை வேண்டாம். பிலிப்பி சபை பவுலுக்கு உதவியாக அனுப்பிய எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு வேலை பாதியில் திரும்பியபோது, அவனைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு கனம்பண்ணுங்கள் என்று பவுலே கடிதம் கொடுத்து அனுப்பினார் (பிலிப்பியர் 2). ‘ஏன் வந்துவிட்டான்’ என்ற கேள்வி அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரிகளுக்குத் தேவையே இல்லை.

கூட வேலை செய்பவர்களோடு மனத்தாங்கல் உண்டா என்றும் கேளுங்கள், அனேகமாக இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிவது ஒரு பக்கம்தான்.

பார்சல் அனுப்புங்கள், ஆனால் கேட்டுவிட்டு. சில நாடுகளில் சுங்கவரி பொருளின் விலையைத் தாண்டிவிடும், அதைக் கட்டுவது அவர்கள். உணவுப் பொருள், விதை, மருந்து பல இடங்களில் தடுக்கப்படும். உள்ளே இருப்பதையும் விலையையும் உண்மையாக எழுதி ஒட்டுங்கள், மத நூல்களுக்குத் தடை உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். எது வேண்டும் என்று அவளிடம் கேட்டால் ‘ஒன்றும் வேண்டாம் அக்கா’ என்பாள். பெரியவனிடம் கேளுங்கள், பட்டியலே கிடைக்கும். சிறையில் இருந்த பவுல் தீமோத்தேயுவிடம் கேட்டதும் ஒரு பட்டியல்தான்: துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள், தோற்சுருள்கள். குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்றும் எழுதினார்.