மைக் கரகரங்குதா? மிக்சர மாத்துறதுக்கு முன்னாடி கேபிள பாருங்க

கடலூர் ஓ.டி.ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, சின்ன டிஜே மிக்சர் ஒண்ணு வச்சு காதுகுத்து, பர்த்டே, ரிசப்ஷன்னு பண்ணிட்டு இருக்கேன். பாட்டு சூப்பரா வருது, மைக் மட்டும் கரகரங்குது, கேபிள் ஆடுனா விட்டு விட்டு வருது. லேப்டாப் சார்ஜர் மாட்டுனா உம்ம்ம்னு ஹம் வேற. மைக்ல பேசுனா பாட்டு தானா குறைஞ்சிடுது. மிக்சர் போயிடுச்சு, புதுசு வாங்குன்னு சொல்றாங்க, வாங்கணுமா?"

இப்போதைக்கு வாங்காதீங்க தம்பி. நீங்க சொன்னது மூணு தனித்தனி விஷயம், மூணையும் ஒண்ணா சேர்த்து பார்க்குறதாலதான் மிக்சர் மேல பழி விழுது. பாட்டு சுத்தமா வருதுன்னா அவுட்புட், ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம், கரகரப்பு இருக்கிறது மைக்ல இருந்து மைக் இன்புட் வரைக்கும் உள்ள வழியிலதான்.

முதல்ல அந்த பாட்டு குறையுறது ரிப்பேரே கிடையாது. மைக் சுவிட்ச் டாக்ஓவர்ல நிக்குது, பேசுறப்ப பாட்ட தானா அமுக்குறதுதான் அதோட வேலை, சும்மா ஆன்ல வச்சா சரியாயிடும்.

இப்ப கேபிள். ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருள மட்டும் மாத்துங்க, இத விடவே விடாதீங்க. அதே மைக், அதே ஜாக், கேபிள் மட்டும் வேற. கரகரப்பு போச்சா, கேபிள்தான். போகலையா, பழைய கேபிளையே மாட்டிட்டு மைக்க மாத்திப் பாருங்க. ரெண்டையும் சேர்த்து மாத்துனா எது கெட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

கேபிள்தான்னு தெரிஞ்சா மல்டிமீட்டர பீப் மோட்ல வைங்க. கேனன்னா மூணு பின் உள்ள உருண்டையான மைக் பிளக் (XLR). அதுல 1 ஷீல்டு, அதாவது வெளி வலை, 2 ஹாட், 3 கோல்டு (cold), இந்த ரெண்டும்தான் சத்தத்த கொண்டு போற வயர். ரெண்டு பக்கமும் கேனன் இருக்கிற கேபிள்ல 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 மட்டும்தான் பீப் வரணும், குறுக்க வந்தா ஷார்ட். ஆனா ஒரு பக்கம் கேனன், மறுபக்கம் மோனோ பி38, அதாவது கால் இஞ்ச் குச்சி பிளக், இருக்கிற கேபிள்ல 1ம் 3ம் சேர்ந்து பீப் அடிக்கும், அது ஷார்ட் இல்ல, அந்த வயரிங்கே அப்படித்தான், இது தெரியாம நல்ல கேபிள வெட்டிப் போட்றவங்க இருக்காங்க. பீப் வந்துட்டு இருக்கும்போதே பிளக்குக்கு ஒரு சாண் தள்ளி கேபிள வளைச்சு ஆட்டுங்க, எங்க பீப் விடுதோ அங்கதான் வயர் உடைஞ்சிருக்கு. நடுவுல உடையிறது கம்மி, பெரும்பாலும் பிளக் ஓரத்துலதான் போகும், அத வெட்டிட்டு திரும்ப சால்டர் வச்சா போதும்.

நம்ம ஊர்ல இன்னொண்ணு, உப்புக்காத்து. தேவனாம்பட்டினம் பீச்சோரம், பாண்டி கடற்கரைப் பக்கம் ஃபங்ஷன் பண்ணிட்டு ஈரத்தோட கேபிள சுருட்டி மூட்டை கட்டுனா பிளக்குல பச்சையா களிம்பு பிடிக்கும். மிக்சர் பவர ஆஃப் பண்ணிட்டு பிளக்குல கான்டாக்ட் கிளீனர் அடிச்சு நாலஞ்சு தடவ சொருகி எடுங்க. உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, மேல இருக்கிற பூச்சு போயிட்டா அப்புறம் சீக்கிரமா களிம்பு ஏறும். வால்யூம் திருப்பும்போது மட்டும் கரகரன்னு வந்தா அது கேபிள் இல்ல, கன்ட்ரோல்ல அழுக்கு.

மோனோ பி38 கேபிள 5, 6 மீட்டருக்கு மேல இழுக்காதீங்க, சீரியல் செட் வயர், ஜெனரேட்டர் லைன்னு எல்லாத்தோட இரைச்சலையும் இழுத்துக்கும். மணமேடை வரைக்கும் போகணும்னா, மிக்சர்ல கேனன் இன்புட் இருந்தா ரெண்டு பக்கமும் கேனன் உள்ள பேலன்ஸ்டு கேபிள் போடுங்க, 30 மீட்டர் தாராளமா போகலாம். அப்புறம் மைக்ல இருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான், லைன்ல, அதாவது லேப்டாப், பிளேயர் மாட்டுற இன்புட்ல, வர்றது அதவிட நூறு மடங்குக்கும் மேல, அதனால மைக்க லைன் இன்புட்ல சொருகுனா குரலே எழும்பாது.

ஹம்முக்கு வருவோம். சார்ஜர கழட்டிட்டு லேப்டாப்ப பேட்டரில ஓட்டுங்க, ஹம் நின்னா அது கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு பொருளுக்கு நடுவுல எர்த் ரெண்டு வழியா சேர்ந்து வளையமாகி வர்ற இரைச்சல். மிக்சர், ஆம்ப், லேப்டாப் மூணுக்கும் ஒரே பவர் போர்டுல இருந்து கரண்ட் எடுங்க, அப்பவும் வந்தா லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒண்ணு போடுங்க. ஹம் போகணும்னு பிளக்கோட எர்த் பின்ன உடைக்கிற வேலை மட்டும் வேணாம் தம்பி, தயவுசெஞ்சு வேணாம். ஹம் நின்னுடும், ஆனா உள்ள எதாவது லீக் ஆனா அந்த கரண்ட் மைக்க பிடிச்சிட்டு பாடுற பொண்ணு மேலயோ மாப்பிள்ளை மேலயோதான் பாயும். மைக் உதட்டுல பட்டு சுருக்குன்னு இருந்துச்சுன்னு யாராவது சொன்னா, கூட்டம் எவ்வளவு கத்துனாலும் அப்பவே மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த்திங் பாருங்க, ஜெனரேட்டர்ல ஓடுற எடத்துல முதல்லயே பார்த்துடுங்க.

நல்லதுன்னு தெரிஞ்ச மைக்கும் நல்ல கேபிளும் போட்டும், மிக்சர் ஜாக்க லேசா அசைச்சா கரகரன்னு வந்தாதான் மிக்சர் பக்கம் கோளாறு. அதுவும் அனேகமா ஜாக்குக்கு அடியில போர்டுல சால்டர் விட்டிருக்கும், திரும்ப சால்டர் வச்சா சரியாயிடும், இல்ல ஜாக் மட்டும் மாத்துனா போதும். சர்வீஸ் கடைக்குப் போறப்ப அந்த மைக்கையும் கேபிளையும் கூடவே கொண்டு போயி, எப்படி அசைச்சா சத்தம் வருதுன்னு அவங்க முன்னாடியே போட்டுக் காட்டுங்க.