கோப்பையின் அடியில் '51'

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். இணையத்தில் ஒரு பழம்பொருள் வியாபாரி இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்துப் பீங்கான் காபிக் கோப்பையும் சாசரும் 180 பவுண்டு என்கிறார். அடியில் கிரீடம், அதன்கீழ் வட்டம், நடுவில் '51'. "1751-ல் செய்தது" என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: 1751-ஐ நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது ஆலை பிறந்த ஆண்டு, கோப்பை பிறந்த ஆண்டல்ல. கடைப் பலகையில் 'தொடக்கம் 1951' என்றிருந்தால் உள்ளே விற்கும் மிக்சரும் அந்த வருடத்துச் சரக்கா?

டாக்டர் ஜான் வாலும் கூட்டாளிகளும் வூஸ்டரில் ஆலை தொடங்கியது 1751. நீங்கள் சொல்லும் கிரீட முத்திரை 1862-ல்தான் வந்தது. 1891-ல் 'ராயல் வூஸ்டர் இங்கிலாந்து' என்ற எழுத்துகள் அதைச் சுற்றி ஏறின. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா போட்ட சட்டம் காரணம். மறு வருடத்திலிருந்து ஆண்டுக்கொரு புள்ளி. முத்திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி எண்ணிப் பாருங்கள். ஆறு புள்ளி என்றால் 1897.

நிஜமான 18ஆம் நூற்றாண்டு வூஸ்டரில் இந்த ஆடம்பரம் கிடையாது. மெருகுக்கு (மேலே உள்ள கண்ணாடிப் பூச்சுக்கு) அடியில் நீல நிறத்தில் ஒரு சின்னப் பிறை இருக்கும். பலவற்றில் அதுவும் இராது. கார்ன்வாலில் வெட்டிய மாக்கல்லை (நம் கல்சட்டிக் கல்லின் உறவுதான்) மண்ணில் கலந்ததால் கொதிநீர் ஊற்றினாலும் வெடிக்காது என்று பெயர் வாங்கியது. விளக்குக்கு நேரே பிடித்தால் பெரும்பாலும் இளம்பச்சை தெரியும். பிறையைப் பார்த்ததும் மயங்கிவிடவும் கூடாது. பாரிஸின் சாம்சன் நிறுவனம் வூஸ்டரையும் நகலெடுத்திருக்கிறது.

இன்னொன்று: அந்தக் காலத்தில் தேநீர்க் கோப்பை, காபிக் கோப்பை இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாசர். இரண்டையும் ஒரே சமயத்தில் யார் குடிக்கப்போகிறார்கள்? அதனால் பழைய காபிக் கோப்பையோடு வரும் சாசர் பிற்பாடு சேர்த்த ஜோடியாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டால், வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியதைக் கையில் வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னபடி பொருள் இல்லையென்றால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். அந்த '1751' விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்.

கேள்வி: பழைய கோப்பையில் காபி குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். டிஷ்வாஷரில் போட்டால் தங்க விளிம்பும் போய்விடும்.